இடி மாஸ்டரும் இரண்டாவது பிரேக்கும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் பிரேக் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, ஓட்டுகிறவர் காலடியில். இன்னொன்று, பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியில். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மாஸ்டர் மிதித்து வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். நம் மாஸ்டருக்கு மட்டும் அந்த இரண்டாவது பிரேக் எதற்கு என்று அவரிடம் படித்துப் பிழைத்தவர்கள் கேட்பார்கள். அவர் போடும் ஒரு சத்தத்தில் வண்டி தானாக நிற்கும், எதிரே வருகிற வண்டியும் நிற்கும், நடைபாதையில் போகிறவர்கள் தாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று திரும்பிப் பார்ப்பார்கள். இடி மாஸ்டர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோகும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்ப் பாருங்கள், வாசலில் நின்று பாட்டுப்புத்தகம் கொடுப்பவர் அவர்தான். வயதானவர்களைக் கைப்பிடித்து அழைத்துவந்து காற்றாடிக்குக் கீழே இடம் பிடித்துக் கொடுப்பார். ஆராதனை நடுவே குழந்தை வீறிட்டால் தாயிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடப்பார், குழந்தையும் அடங்கிவிடும். அத்தனை சாது. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினால் மட்டும் அந்தச் சாதுவை இறக்கிவிட்டு வேறு யாரோ ஏறிக்கொள்வார்கள். 'கிளட்சை விடாதே' என்று மற்றவர்கள் சொல்வதை அவர் சொன்னால் கிளட்சோடு சேர்த்து உயிரையும் விட்டுவிடலாம் போலிருக்கும்.

இந்தக் கூத்தில் அதிகம் அடிபட்டவள் அவர் மனைவி. கல்யாணமான புதிதில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஆசையாக அழைத்துப் போனார். நான்கு சாலை கூடும் இடத்தில் அவள் கியரைத் தவறாகப் போட்டாள். இவர் போட்ட சத்தத்தில் வண்டி அங்கேயே நின்றது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, வீடு வரைக்கும் நடந்தே போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் வண்டியில் அவள் பின்சீட்டில்தான் உட்காருவாள். சண்டை ஒன்றும் இல்லை. வீட்டில் சிரிப்பும் பேச்சும் குறைவில்லை. கார் என்றால் பின்சீட்டு, அவ்வளவுதான். முதலாளியம்மாவை ஏற்றிக்கொண்டு வாடகை வண்டிக்காரர் வருகிற மாதிரி இருவரும் சபை வாசலில் வந்து இறங்குவதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. மாஸ்டரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் அந்த இருக்கை அவரை உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

அவள் பெரிய மருத்துவமனை ஒன்றில் துணிக்கூடத்தின் மேற்பார்வையாளர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அறையின் பச்சை அங்கி எல்லாம் வெளுத்து, மடித்து, கிழிந்ததை ஒதுக்கி அனுப்புகிற இடம். அவளுக்கு வேலை நேரத்தை விடிகாலைக்கு மாற்றினார்கள். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. மாஸ்டர் முகம் சுளிக்காமல் எழுந்து கொண்டுபோய் விட்டுவந்தார். அவளுக்குத்தான் பிடிக்கவில்லை. இத்தனை பேரை வேலை வாங்குகிற தான், வேலைக்குப் போக இன்னொருவர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டுமா என்று நினைத்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது, எதிர்த் தெருவில் இருக்கிற ஓட்டுநர் பள்ளியில் சேரப்போவதாகச் சாதாரணமாகச் சொன்னாள்.

மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்த் தெருப் பள்ளியை நடத்துகிறவர் இவரிடமே படித்துத் தப்பித்துப் போனவர். வாசலில் பெரிய பலகை வைத்து, 'அன்பாகக் கற்றுத் தரப்படும்' என்று எழுதியிருப்பவர். யாரைக் குத்தி எழுதியது என்று ஊருக்கே தெரியும். இப்போது இடி மாஸ்டரின் சொந்த மனைவியே அந்த வாசலில் போய் நின்றால் இவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பார்? ஆனால் உண்மையில் வலித்தது அதுவல்ல. கார் ஓட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்திருக்கிறது, அந்த ஆசையில் தனக்கு இடமில்லை. அதுதான் வலித்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. நான் மாறிக் காட்டறேன்" என்றார்.

"நானும் எத்தனையோ வருஷமா பின்னாடி உட்கார்ந்து பொறுத்துக்கிட்டுதாங்க இருக்கேன்" என்றாள் அவள், கோபமில்லாமல். பிறகு இரக்கப்பட்டு, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பதாக ஒப்புக்கொண்டாள்.

அந்தச் சமயம் பார்த்துச் சபையில் போதகர் ஆவியின் கனிகளை, அதாவது பரிசுத்த ஆவி மனிதருக்குள் விளைவிக்கும் நல்ல குணங்களைப் பற்றி வாரம் ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். அன்பு முடிந்து, சந்தோஷம் முடிந்து, சமாதானம் முடிந்து, நீடிய பொறுமைக்கு வந்து நின்றார். வாசலில் பாட்டுப்புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த மாஸ்டர் அப்படியே கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மரத்தைக் கட்டி வைத்துப் பழம் பறிக்க முடியாது, அது வேரிலிருந்து வர வேண்டும் என்று போதகர் சொன்னது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் காதில் விழுந்ததெல்லாம், வாயைக் காக்க வேண்டும் என்ற ஒன்றுதான்.

மறுநாளே அவர் வாயைக் காக்க ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு கிராம்பை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துக்கொள்வது. கத்த வாயைத் திறந்தால் கிராம்பு விழும். விழக்கூடாது. ஏறியதும் கண்ணை மூடி, ஆண்டவரே என் வாய்க்கு நீரே காவல் என்று சின்னதாக ஒரு ஜெபம். பிறகு பாடம். அவரே நம்ப முடியாதபடி அது வேலை செய்தது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் குப்பைத்தொட்டியை உரசினார், மாஸ்டர் கிராம்பைக் கடித்தார். மணப்பெண் ஒருத்தி ரிவர்ஸ் கியரில் முன்னால் போகப் பார்த்தாள், மாஸ்டர் கிராம்பைக் கடித்தார். வண்டிக்குள் பல் வைத்தியர் அறை வாசனை. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டார்கள்.

ஒரு மாதம் இப்படிப் போனதும் மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. சபையில், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல அழைத்தபோது எழுந்து முன்னால் போனார். வாழ்நாளெல்லாம் தன்னை ஆட்டிவைத்த கோபத்தை ஆண்டவர் எடுத்துப் போட்டுவிட்டார் என்றும், ஒரு மாதமாக ஒருவரையும் அதட்டவில்லை என்றும் கண் கலங்கச் சொன்னார். சபை அல்லேலூயா என்றது. மனைவி மட்டும் பாட்டுப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர், இனி எதிர்த் தெருவுக்குப் போக வேண்டாமே என்று பேச்சை எடுத்தார். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமையிலிருந்து போவதாகச் சொல்லியாகிவிட்டது என்றாள் அவள். இப்போதுதான் கத்துவதில்லையே என்று அவர் குழைந்தார்.

"கத்தறதில்லதான். ஆனா உங்க வலது கால் ஷூ மட்டும் ஏன் இப்படித் தேயுதுன்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். விரிப்பு எங்கே நைந்திருக்கிறது என்று வேலையிடத்தில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. மாஸ்டர் வாசலில் கிடந்த ஷூவை எடுத்துப் பார்த்தார். இடது கால் புத்தம்புதிது. வலது காலின் அடி வழவழவென்று தேய்ந்திருந்தது. மட்டமான தோல் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு அதோடு விட்டுவிட்டார்.

சாட்சிக்கு ஒரு பலன் இருந்தது. அதுவரை சபையார் ஒருவர்கூட அவரிடம் படிக்க வந்ததில்லை. இப்போது முதல் ஆளாகப் போதகரே வந்தார். நோயாளிகளைப் பார்க்கப் போக ஒரு பழைய காரைச் சபை கொடுத்திருந்தது, ஓட்டத்தான் தெரியாது.

போதகரைப்போல் ஒரு மாணவர் மாஸ்டருக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை. நல்ல மனசு முழுவதும் கைகால்களில் இறங்கினால் எப்படி இருக்கும், அப்படி. பின்னால் வருகிற எல்லாருக்கும் வழிவிடுவார். ஹாரன் அடித்தால் மற்றவர் மனம் புண்படும் என்று தயங்குவார். தெரிந்தவர்களைப் பார்த்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்புவார். ஒருமுறை எதிரே பெரிய லாரி வந்தபோது அவர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஐயா, கண்ணைத் திறந்துக்கிட்டு ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார் மாஸ்டர். அதிர்ந்து ஒரு சொல் வரவில்லை. எத்தனை கிராம்பு உள்ளே போனதோ, அது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

ஆனால் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் போதகர் கழுத்தைத் தடவிக்கொண்டு இறங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் அவரால் வலது பக்கம் திரும்ப முடியவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள், தங்கள் மேல் ஐயாவுக்கு என்ன வருத்தம் என்று பேசிக்கொண்டார்கள்.

அதே வாரத்தில் போதகருக்கு ஓட்டுநர் தேர்வு. கயிறு கட்டிய மைதானம். வண்டியில் போதகர் மட்டும் ஏறித் தனியாக ஓட்ட வேண்டும். ஒரு வளைவு சுற்றிவந்து, வெள்ளைக்கோட்டுக்கு முன்னால் நிறுத்தினால் முடிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஆரஞ்சு நிறக் கூம்புகள். அவற்றுக்கும் பின்னால் தேர்வு அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் கயிற்றுக்கு வெளியே மற்றவர்களோடு நின்றார்.

போதகர் அழகாகக் கிளம்பினார். வளைவை அம்சமாகச் சுற்றினார். மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டி வெள்ளைக்கோட்டை நோக்கி நிதானமாக வந்தது. கோடு வந்தது. வண்டி நிற்கவில்லை. போதகர் முகத்தில் பதற்றமே இல்லை, எதற்கோ காத்திருக்கிற முகம். கூம்புகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தேர்வு அதிகாரி எழுந்து ஒதுங்கினார். வண்டி அவருடைய நாற்காலியைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய், இன்ஜின் அணைந்து, தானாக நின்றது.

அதைவிட வேடிக்கை கயிற்றுக்கு வெளியே நடந்தது. கோடு நெருங்குவதற்கு வெகு முன்பே மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மிதித்தது, மறுபடி மிதித்தது, புழுதி கிளம்பும்படி மிதித்தது. சுற்றி நின்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார். பல்லிடுக்கில் கிராம்பு பத்திரமாக இருந்தது, வாய் மூடியிருந்தது. கால் மட்டும் பாதி ஷூவை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு நின்றது. அந்தத் தேய்ந்த ஷூவைப் பார்த்ததும் மனைவி கேட்ட கேள்வி மாஸ்டருக்கு நினைவு வந்தது.

அதிகாரி போதகரை இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். ஏன் பிரேக்கை மிதிக்கவில்லை என்று மாஸ்டர் தணிந்த குரலில் கேட்டார்.

போதகர் கூச்சத்தோடு சிரித்தார். "மிதிக்கணும்னு நான் நினைக்கறதுக்கு முன்னாடியே எப்பவும் வண்டி நின்னுடுமே, மாஸ்டர். இன்னைக்கும் நிக்கும்னு இருந்துட்டேன்."

மாஸ்டர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மாதமும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பேராசிரியர் தலை முன்னால் போய் ஆடிய ஆட்டம். மணப்பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டது. கோபம் எங்கேயும் போகவில்லை. வாயில் இடமில்லை என்றதும் காலுக்கு இறங்கிவிட்டது. அதுவும் தெரியாமல் மேடையேறி அத்தனை பேர் முன்னால் கண் கலங்கியிருக்கிறார். அவருக்கு அவமானமாக இருந்தது.

"நான் பொய்ச் சாட்சி சொல்லிட்டேனா ஐயா?"

"பொய்யில்ல. பாதி வழியில சொல்லிட்டீங்க, அவ்வளவுதான்" என்றார் போதகர். இடிமுழக்க மக்கள் என்று ஆண்டவரே இரண்டு சீடர்களுக்குப் பெயர் வைத்து, பெயர் வைத்த கையோடு அவர்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதையும் நினைவுபடுத்தினார். பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டே, "நான் வாழ்க்கையில தப்பாத் திரும்பின இடத்துல எல்லாம் ஆண்டவர் பக்கத்துல உட்கார்ந்து பிரேக்கை மிதிச்சிருந்தார்னா, எனக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருந்திருக்காது, மாஸ்டர். நானா நிறுத்தட்டும்னு அவர் காத்திருந்தார். காத்திருக்காருன்னு தெரிஞ்சுதான் நான் நிறுத்தவே கத்துக்கிட்டேன்" என்றார்.

மாஸ்டருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். வண்டி நிற்பதால் இப்போது கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று போதகர் அனுமதி கொடுத்தார்.

வீட்டுக்குப் போனதும் மாஸ்டர் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். கூம்புகளை, நாற்காலியை, மண்ணை மிதித்த காலை, எல்லாவற்றையும். அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். கத்தியதற்கு முன்பே பலமுறை கேட்டிருக்கிறார், அது அவளுக்குப் பழகிப்போன மன்னிப்பு. இந்த முறை வேறொன்றுக்குக் கேட்டார். அன்றைக்கு அந்த நான்கு சாலையில் அவளாகவே கியரைச் சரிசெய்திருப்பாள், செய்ய விடாமல் போனேனே என்றார். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை எதிர்த் தெருவுக்குப் போவதில் மாற்றமில்லை என்றாள். சனிக்கிழமை மட்டும் வேண்டுமானால் ஒரு பாடம் பார்க்கலாம் என்றாள்.

சபைக்குப் பின்னால் வெறும் மைதானம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் சுற்றுச்சுவர், சுவரை ஒட்டிப் பூந்தொட்டிகள். சனிக்கிழமை மாலை அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பினாள். மாஸ்டர் பக்கத்தில் ஏறினார். ஷூ இரண்டையும் கழற்றி வெளியே வைத்தார். பிறகு கஷ்டப்பட்டு இரண்டு காலையும் மடக்கி, இருக்கையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். தொந்தி இடித்தது, முழங்கால் கதவில் முட்டியது.

"காலை ஏன் மடக்கிட்டீங்க?"

"கீழ வெச்சா அது என் பேச்சைக் கேக்காது" என்றார் மாஸ்டர்.

வண்டி கிளம்புவதற்குள் பலமுறை அணைந்தது. அவர் ஒவ்வொரு முறையும் கிளட்சை எப்படி விட வேண்டும் என்று முதல்முறை சொல்வதுபோலவே சொன்னார். கிராம்பு இருந்ததா என்றால் இருந்தது, பழக்கத்தை ஒரே நாளில் விட முடியுமா. ஒருவழியாக வண்டி நகர்ந்தது. முதல் கியரில் மைதானத்தைச் சுற்றியது. இரண்டாவது சுற்றில் அவள் திருப்பத் தாமதித்துவிட்டாள். சுவர் நேராக வந்தது. பூந்தொட்டிகள் வந்தன. மாஸ்டரின் வலது முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது, இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆண்டவரே, இவள் நிறுத்துவாள், இவள் நிறுத்துவாள் என்று உள்ளே ஒரே ஜெபம். கண்ணைத் திறந்துகொண்டுதான்.

வண்டி நின்றது. முன்பக்கம் ஒரு தொட்டியை மெல்லத் தொட, தொட்டி சாவகாசமாகச் சாய்ந்து படுத்தது. செடிக்குச் சேதமில்லை.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, அவரைப் பார்க்காமல், "யாரு நிறுத்தினது?" என்று கேட்டாள்.

"நீதாம்மா. நான் தொடவே இல்ல."

அவள் குனிந்து அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள். மடித்த இடத்தில் அப்படியே இருந்தது. அவள் முகம் மலர்ந்ததை மாஸ்டர் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வண்டிக்குள் அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. மறுபடியும் ஒரு சுற்று என்றாள். வெளிச்சம் போகும்வரை சுற்றிக்கொண்டே இருந்தாள், தொட்டிகள் பிழைத்தன. கால் மரத்துப்போன மாஸ்டர் இறங்கும்போதுதான் விழப் பார்த்தார்.

சாலையில் ஓட்ட அவளுக்கு இன்னும் நாளாகும், அதனால் வீட்டுக்கு அவர்தான் ஓட்ட வேண்டும். வழக்கம்போல அவள் பின்கதவைத் திறந்தாள். கைப்பையை உள்ளே வைத்தாள். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பின்கதவைச் சாத்திவிட்டு, முன்னால் வந்து அவர் பக்கத்தில் ஏறி சீட் பெல்ட்டை மாட்டினாள். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"திங்கட்கிழமை வரலைன்னு எதிர்த் தெருவுல நீங்களே சொல்லிடுங்க" என்றாள் அவள்.

சபை வாசலைத் தாண்டும்போது வண்டி திடீரென்று குலுங்கி நின்றது. மாஸ்டரின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. இன்ஜினுக்கு என்ன ஆயிற்று என்று அவர் பதறிப்போய்ப் பார்த்தார். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவியின் கால் இரண்டாவது பிரேக்கின் மேல் இருந்தது.

"இப்ப தெரியுதா?" என்றாள், உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மாஸ்டர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "நல்லாவே தெரியுது" என்றார். வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் இன்னும் சில முறை மிதித்தாள், அவர் ஒரு முறைகூடக் கத்தவில்லை. கிராம்பு முதல் குலுக்கலிலேயே கீழே விழுந்துவிட்டிருந்தது, அதை அவர் தேடவும் இல்லை.